சட்டி மூடி மேல ஒரு கம்பி

மச்சான்,
மீன் ஆணம் அடுப்புல இருக்கு. சட்டி மூடி மேல வச்சிருக்கிற கம்பியைப் பார்த்துட்டுச் சாப்பிடுங்க.

போட் ஏத்துற ட்ரெய்லர்ல பிரேக் சரியாப் பிடிக்கலைன்னு முந்தாநாள் ஆயில் ஊத்தி, வண்டியில மாட்டுற முன்கொக்கியை என்னை உள்ள தள்ளச் சொன்னீங்க. நகரலை. "திங்கிற சோறெல்லாம் எங்கடி போவுது?"ன்னு ஏசினீங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடிக்காம இருக்க நீங்க செருகுன கம்பிதான் இது. உருவ மறந்துட்டீங்க! நான் உருவிட்டுத் தள்ளினேன், கொக்கி உள்ள போயிடுச்சு. கொக்கி உள்ள போனாத்தானே பிரேக் பிடிக்கும்?

முசஃபாவுல இருந்து மெக்கானிக்கை வர வேணாம்னு சொல்லிடுங்க. நான் டியூட்டிக்குப் போறேன்.

ஜமீலா

உங்க அரபி முதலாளியோட போட்டை ஏத்துறதுக்கு முன்னாடி வெறும் ட்ரெய்லரை மெதுவா ஓட்டிப் பாருங்க.

இன்னொண்ணு: ரெண்டு நாளா நீங்க என்கிட்ட பேசலை. அதுக்கு எந்தக் கம்பியை உருவணும்னு எழுதி வைங்க.