கிடாக்களுக்குக் கச்சை

ஜனவரி 8

கோபம் இன்னும் தணியாத என் அன்புக் கணவருக்கு,

இங்கே நலம். முறுக்கிக்கொண்டு நகரத்துக்குப் போனவர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஆட்டு மந்தையை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். போன கோடையில் பாலில்லாமல் குட்டிகள் செத்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது! இப்போதெல்லாம் மழை தள்ளித்தான் வருகிறது. நாம் மட்டும் பழைய மாதத்திலேயே கிடாக்களைப் பெட்டைகளோடு சேர விடுகிறோம். புல் முளைக்குமுன் குட்டி பிறந்தால் தாய்க்குப் பால் எங்கிருந்து ஊறும்? இந்த வருஷம் மார்ச் பாதிவரை சேர விடப்போவதில்லை. கிடாக்களைத் தனியாக மேய்க்க ஆளில்லாததால் அவற்றின் வயிற்றுக்குக் கீழே சாக்குத்துணியைக் கட்டிவிட்டேன். "மாப்பிள்ளைக்குக் கோவணமா?" என்று ஊரே கேட்கிறது. சிரிக்கட்டும்!

இந்த ஒரு பருவம் பொறுங்கள்.

உங்கள் மந்தைக்காரி

ஜனவரி 21

பிடிவாதக்காரிக்கு,

ஒரு பருவம்தான். இந்த முறையும் குட்டிகள் செத்தால் மொத்தத்தையும் விற்றுவிடுவோம். பேச்சு மாறக் கூடாது.

சாக்கு நாலு நாள் தாங்காது. நான் வேலை பார்க்கும் தார்ப்பாய்ப் பட்டறையில் வெட்டுத் துண்டுகளை எடுத்து, கிடாக்களுக்குக் கச்சை தைத்து அனுப்பியிருக்கிறேன். "யாருக்குய்யா இது?" என்றார் முதலாளி. "வீட்ல இருக்கிறவங்களுக்கு" என்றேன். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது.

உன் யோசனையை நம்பித் தைக்கவில்லை. சாக்கு உரசி அதுகளுக்குத் தோல் உரியக் கூடாது, அவ்வளவுதான்.

நான்

ஆகஸ்ட் 24

அன்புள்ள தையல்காரருக்கு,

மழை கொட்டித் தீர்த்துவிட்டது! முழங்கால் உயரம் புல். தாய்களுக்கு மடி நிறையப் பால். ஒன்றிரண்டு குட்டிகள் போயின, அழுதேன். மற்றதெல்லாம் துள்ளுகிற துள்ளலில் என்னால் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. சிரித்தவர்களே வந்து கச்சைக்கு அளவு கேட்கிறார்கள்!

வந்துவிடுங்கள். ஆனால் கிடாக்களை எப்போது சேர விடுவது, மந்தையை எப்போது நகர்த்துவது என்பதை இனி நான்தான் சொல்வேன். அடுத்த வருஷம் மழை வேறு மாதிரி வரலாம், என் கணக்கும் தப்பலாம். அப்போது என்னைத் திட்டுங்கள், சண்டை போடுங்கள். விட்டுவிட்டு மட்டும் போகக் கூடாது. சம்மதமா?

உங்கள் மந்தைக்காரி

செப்டம்பர் 2

என் மந்தைக்காரிக்கு,

சம்மதம்! நாளைக் காலை வண்டியில் கிளம்புகிறேன்.

அங்கே மழை என்று கேள்விப்பட்ட அன்றே பட்டறை வேலையை விட்டுவிட்டேன். கட்டிய பெட்டியோடு இத்தனை நாளும் இந்த அறையிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கூப்பிடாமல் எந்த முகத்தோடு வருவேன்?

உன்னவன்