ரிவால்வரும் வீட்டுச் சாவிகளும்

இஞ்சாருங்கோ, என்ரை ராசா,

நீங்கள் போனபிறகு உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கோபிக்க வேண்டாம். நீங்கள் உயிரோடு இருந்து கோபித்திருந்தாலும் நான் போயிருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

நடந்தது இதுதான். காஸ் இணைப்பைப் பார்க்க வந்தேன் என்று ஒருவன் மணியடித்தான். கழுத்தில் அட்டை, கையில் கருவிப் பெட்டி, வாய் நிறைய மரியாதை. குசினியைக் காட்டத் திரும்பினேன். பின்னால் நின்று என் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டான். சங்கிலி போனது ஒரு பக்கம். நானே கதவைத் திறந்து, உள்ளே வா என்று கூப்பிட்டேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

மிலானிலிருந்து மகன் அன்றைக்கே போன் எடுத்தான். "அம்மா, வீட்டைக் குடுத்திட்டு இஞ்சை வாங்கோ. தனிய இருந்தது காணும்."

நிக்சன் நல்ல பிள்ளை. மருமகளும் நல்லவள். போனால் ஒரு அறை தருவார்கள், வேளைக்குச் சாப்பாடு தருவார்கள். ஆனால் அது அவர்களுடைய வீடு. போர்கோ வெக்கியோப் பகுதியில் இந்த மூன்றாம் மாடி வீடு, நீங்களும் நானும் ஊரார் வீட்டு நிலத்தையெல்லாம் துடைத்து வாங்கியது. இதிலிருந்து என்னைக் கிளப்ப ஒரு சங்கிலிக் கள்ளனால் முடியுமா?

"நான் வரேல்லை. ஒரு துவக்கு வாங்கி வைச்சுக்கொண்டு இஞ்சையே இருக்கப் போறன்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. சொன்னபிறகுதான் யோசித்தேன், சரியாகவே பட்டது.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இப்ப கடையில போய் விலை கேக்கப் போறியளோ?" என்றான்.

"அப்ப துவக்கு மற்றவன்ர கையில இருந்தது" என்றேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர். வந்தவள் கிழவி, அதுவும் கறுத்தக் கிழவி என்று சிரிப்பார் என நினைத்துத்தான் போனேன். மனிதர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எனக்கு முதலில் பிடித்தது கைப்பைக்குள் அடங்கும் ஒரு குட்டிப் பிஸ்டல். அவர் தலையை ஆட்டினார். வயது போனவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுப்பார்கள், பாரமில்லாதது சுடும்போது கையை உதைக்கும், பாரமானதோ உதையைத் தானே வாங்கிக்கொள்ளும் என்றார். அடுத்து ஒரு புதுப் பிஸ்டலைத் தந்தார். அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால்தான் தோட்டா ஏறும். இழுத்தேன், அசையவில்லை. லிபெர்த்தா வீதியில் எத்தனை வீட்டுத் துணி பிழிந்த பெருவிரல் இது. அதற்கு இனி அந்தப் பலம் வராது.

கடைசியில் உள்ளே போய்ப் பழைய ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு காவற்காரர் வைத்திருந்தது. இரும்பு, மரப்பிடி, அங்கங்கே கீறல். எதையும் இழுக்கத் தேவையில்லை. உருளையைத் திறந்து தோட்டாவை விரலால் வைக்கலாம், நிரம்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்த அடுத்தது வரும். விசை கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் என் விரலுக்கு மடங்கியது. விலையும் புதியதில் பாதிக்குக் கீழே. மீன் வாங்கப் போனால் நீங்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியதுண்டா? நானும் அப்படித்தான் திறந்து, மூடி, சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதுதான் என்று சொல்லி, எனக்காக எடுத்து வைக்கச் சொன்னேன்.

பிறகு அனுமதிக்காக வைத்தியரின் அத்தாட்சி, சுடும் பயிற்சி. பயிற்சி தந்தவள் நம் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவள். இரண்டு கையையும் நீட்டு, முழங்கையை விறைக்காதே, மூச்சை விட்டபிறகு அழுத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் வீட்டில் கரண்டிக்காம்பைப் பிடித்துப் பழகினேன். தற்புகழ்ச்சி இல்லை, குறி தப்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் குட்டிப் பிஸ்டலோடு கை நொந்துகொண்டிருந்தார். பாரமானதை எடுங்கள் என்று நானே அவருக்குப் புத்தி சொன்னேன்.

அனுமதி தரும் குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் ஒன்றுதான் கேட்டார்: ஆயுதம் வேறு யார் கைக்கும் எட்டக்கூடாது, வீட்டுக்குள் யார் யார் வந்து போவார்கள்? யாருமில்லை, தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வீட்டுச் சாவி கொடுத்துவைத்த பிள்ளைகள் எனக்கு ஞாபகமே வரவில்லை. அவர்களை வெளியாட்கள் என்று நாம் எப்போதாவது நினைத்திருக்கிறோமா?

வீட்டோடு தங்கி வேலை செய்கிற பிள்ளைகளுக்கு வியாழன் பின்னேரம் விடுமுறை. அந்தச் சில மணி நேரம் காலை நீட்ட இந்த ஊரில் அவர்களுக்கு ஓரிடம் கிடையாது. மன்னாரிலிருந்தோ தீவுப் பக்கத்திலிருந்தோ யார் வந்து இறங்கினாலும், கபோ சந்தைப் பக்கம் போய் நம் வீட்டுச் சாவியில் ஒன்று வெட்டிக் கொடுத்துவிடுவீர்கள். சாவி கொடுத்த புண்ணியம் உங்களுக்கு, வியாழக்கிழமை அண்டாவில் சோறு போட்ட வேலை எனக்கு. இதற்காக உங்களோடு எத்தனை சண்டை பிடித்திருப்பேன்.

அனுமதி கையில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போய் ரிவால்வரை எடுப்பதாக இருந்தது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன். கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வியாழன் இல்லை. மணியடிக்கவில்லை, குரல் கொடுக்கவில்லை. வாசலிலிருந்து அறைக்கு வரும் ஓடையில் ஒரு உருவம், கையில் பெரிதாக ஏதோ. என் கை மேசை லாச்சியை இழுத்தது. ரிவால்வரை வைப்பதற்கு நான் யோசித்திருந்த இடம் அது. உள்ளே பிரஷர் குளிசை மட்டும்தான். ஆனாலும் கை பழகிவிட்டதே. கட்டிலில் எழுந்திருந்து இரண்டு கையையும் வாசலுக்கு நேரே நீட்டினேன், முழங்கை விறைக்காமல். மூச்சையும் விட்டேன்.

வந்தது சுகந்தி. நீங்கள் முதன்முதலில் சாவி கொடுத்த அந்த மன்னார்ப் பேசாலைப் பிள்ளை. கையில் இருந்தது சூட்கேஸ். அவள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டிருந்த வயதான எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, அன்று காலையில் செத்துப்போனார். இனி இங்கே உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம் அந்த அம்மாவின் பிள்ளைகள். என் நீட்டிய கையை அவள் எப்படி விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறீர்கள்? நான் மடக்குவதற்குள் ஓடிவந்து அதற்குள் விழுந்துவிட்டாள்.

"அன்ரி, நீங்கள் நித்திரையெண்டு தான் மணியடிக்கேல்லை. எனக்குப் போறதுக்கு வேறை இடமில்லை" என்று அழுதாள்.

நான் அவளைவிட மோசமாக அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். குறி தப்பாத கை இது என்று எனக்கல்லவா தெரியும்? நாலு நாள் பிந்தியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எங்கேயிருந்து எழுதியிருப்பேன்? உங்களுக்கு எழுத எனக்கு முகம் இருந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். நல்ல சாமான், வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். அவர் காரணம் கேட்டார். என் வீட்டுக் கதவு நிறையப் பேருக்குத் திறக்கும் என்றேன். பெருமூச்சு விட்டார், பிறகு கைகொடுத்தார். என் தெரிவில் பிழை இல்லை. கள்ளனும் நானும் மட்டும் என்றால் இன்றைக்கும் அந்த ரிவால்வரைத்தான் வாங்குவேன்.

வருகிற வழியில் கதவுக்குப் பாரமான சங்கிலி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் சங்கிலியைப் போடுவதில்லை, சாவி உள்ளவர்கள் தாங்களாகவே வரலாம். வாசலிலேயே தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். மணியடித்தால் மட்டும் போய்ச் சங்கிலியை மாட்டிவிட்டுத்தான் திறப்பேன். காஸ்காரனோ கவர்னரோ, இடுக்கால்தான் பேச்சு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் நிக்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப துவக்கும் இல்லை. இன்னும் தனியத்தான் இருக்கப் போறியளோ?" என்றான்.

"ஆர் தனிய? சுகந்தி இனி இஞ்சைதான். குசினியில மீன் வெட்டுறாள். கதைக்கிறியோ?"

"ஓம், குடுங்கோ" என்றான். அரைமணி நேரம் கதைத்தார்கள். அதற்குப் பிறகு மிலானுக்கு வாங்கோ என்ற பேச்சு இல்லை.

நீங்கள் இல்லாத வீடு பெரிதாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் பயமில்லை. நீங்கள் கொடுத்த சாவிகளில் ஒன்றைக்கூட நான் திருப்பிக் கேட்க மாட்டேன். போன கிழமை நெடுந்தீவிலிருந்து புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், யாரையும் தெரியாது. நாளைக்குக் காலை கபோவுக்குப் போய் அவளுக்கு ஒன்று வெட்டப் போகிறேன். இந்த முறை கொடுப்பது நான்.

என்றும் உங்கள் மனைவி,
ஜெசிந்தா