காகிதத்துக்கும் அரை அங்குலம்

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், என் தையல் மெஷினும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். அம்மாவின் எழுத்து எப்போது இவ்வளவு நேராயிற்று என்று பார்க்கிறாயா? நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தட்டுகிறாள். வாயைத் திறக்காதவளுக்கு வாயாடி என்று நீ கிண்டலுக்குப் பெயர் வைத்தாயே, அவளேதான். தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் விரலை நிறுத்திவிட்டு முறைக்கிறாள், ஒன்று விடாமல் போடு என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய பழைய லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் அதில் ஐந்து பட்டன்கள் செத்துக் கிடக்கின்றன. அலுவலகத் தெருவில் மனு தட்டிக் கொடுக்கும் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள், வருகிற வியாழக்கிழமை டெஸ்ட். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவளிடம் சான்றிதழ் கேட்காமல் விரலை மட்டும் பார்க்கிற வேலை இன்னொன்று எப்போது வரும் சொல்லு. பழகுவதற்குத் தனியாக ஒரு கீபோர்டு வாங்கியே ஆகவேண்டும் என்று ஆயிற்று. நான்கு சட்டை தைக்கும் கூலிக்கு மேல் போகக் கூடாது என்று உன் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைக்க வேறு மேசை ஏது, வெட்டுப் பலகை நிறையத் துணி, ஆகவே என் மெஷின் மேசையில் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடம்தான். லேப்டாப்பை மேலே சுவர்ப் பலகையில் ஏற்றிவிட்டோம். கீழே உள்ள இடத்தை அளந்தேன், சரியாகப் பன்னிரண்டு அங்குலம். மறந்துவிடாமல் இருக்க அந்த அகலத்துக்கு ஒரு காகிதம் வெட்டிக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

கடையில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. எழுத்தை ஏன் வரிசையாக வைக்காமல் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள், சிலது தட்டினால் ஏன் டக் டக் என்கிறது, சிலது ஏன் மெத்தென்று சத்தமே இல்லாமல் அமுங்குகிறது? உன் தங்கைக்கும் ஆயிரம் கேள்வி, ஆனால் என் காதில்தான் கேட்பாள், நான் உரக்கக் கேட்கவேண்டும். பட்டன் கழன்றால் மாட்டலாமா என்று கேளு, ஒயர் தனியாகக் கழலுமா என்று கேளு, சின்னதில் எண்கள் எல்லாம் எங்கே போயிற்று என்று கேளு. வலப்பக்கத்து எண் கட்டத்தை வெட்டிவிடுவார்களாம், இன்னும் சின்னதில் ஒரே பட்டனுக்கு இரண்டு வேலையாம். துணி குறைந்தால் விலை குறையும், இங்கே மட்டும் ஏன் சின்னதுக்கு விலை கூடுதல் என்று கேட்டேன், கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியை எடுத்து வைத்தார். கடைசியில் காகிதத்தை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்து, அதற்குள் அடங்குகிற ஒன்றை எடுத்தோம். பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வைத்தால் சக்கரத்தில் இடிக்கிறது. எப்படி வைத்தாலும் இடிக்கிறது. இவள் டேப்பை எடுத்துக் காகிதத்தை அளந்தாள், பதின்மூன்று அங்குலம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கத்தரி பிடித்த கை, நான் சொல்லாமலே, துணிக்கு விடுவதுபோல இரண்டு பக்கமும் தையலுக்குள் மடிய அரை அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறது. உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன், காகிதத்தை யாருக்காவது தைச்சுப் போடப் போறியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைப் பிரித்தாயிற்று, டெஸ்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது. எனக்கோ ஆஸ்பத்திரிச் சட்டைகள் அன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு நான் போய்ச் சண்டை போட்டாவது மாற்றுகிறேன் என்றேன். நான் காலர் வைத்து நிமிர்ந்தபோது ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை, என் டேப்பும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் சின்னதோடு வந்து நின்றாள். அதே விலைக்காம். மாதிரிக்குக் கண்ணாடிக்குள் வைத்திருந்ததை இவளே கேட்டு வாங்கியிருக்கிறாள், நீளப் பட்டன் மட்டும் கொஞ்சம் மங்கல். என்னடி சொன்னாய் என்றால் "சொன்னேன்" என்கிறாள், அவ்வளவுதான். இப்போது நான் மெஷின் ஓட்ட, இவள் பக்கத்தில் டக் டக் என்று தட்ட, ஒரே கச்சேரி. நான் நிறுத்தினாலும் அந்தச் சத்தம் நிற்பதில்லை, கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. போர்வையை மாதம் ஒரு தடவையாவது வெயிலில் போடு. கழன்ற பட்டனை ஊக்கு குத்திச் சமாளிக்காதே, தையல்காரி மகன் என்று சொன்னால் சிரிப்பார்கள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா

அண்ணா, அம்மா அடுத்த கட்டுச் சட்டைகளைக் கொடுக்கப் போயிருக்கிறாள், இது நான். நான் போனதும் பேசிவிடவில்லை. கடை வாசலைத் தாண்டி மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை கடைக்காரரே "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். உள்ளே போய்க் கீபோர்டையும் காகிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையலுக்கு விடுவது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அவர் சட்டையின் ஓரத்தையே திருப்பிப் பார்க்கச் சொல்லி, டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, எல்லாம் நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்றதும் பேச்சு தானாக வந்துவிட்டது. வியாழக்கிழமை மனு தட்டும் கடைக்குப் போய் "டெஸ்டுக்கு வந்திருக்கேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், மீதியை விரல் பார்த்துக்கொள்ளும். வாசலை ஒரு தடவைக்கு மேல் தாண்டமாட்டேன்.

வாயாடி