நகராது என்று வைத்த வீடு

ஜூன் 9, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் கொடுத்த குறிப்பேடு இது. பின்பக்கத்தில் சொந்தக் கதை எழுதுகிறேன். தப்புதான். வாயில் வராததை எங்காவது வைக்க வேண்டியிருக்கிறது.

வடக்கே ஒரு மலையடிவாரத்தில் நிலநடுக்கப் பிளவு இருக்கிறது. அதன் இரு பக்கமும் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று செயற்கைக்கோளின் ரேடார் படங்களை வைத்துக் கணக்கிடுவது எங்கள் வேலை. "முதல்ல உனக்குத் தெரிஞ்ச இடத்துல போட்டுப் பழகும்மா" என்றார் எங்கள் ஆய்வு வழிகாட்டி மனோகரன் சார். எங்கள் திருநின்றவூரை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 11

ஏதாவது ஒரு புள்ளியை 'இது நகராது' என்று நாமே குறிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் அளக்கப்படும். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டுத் தகரக் கூரை பளிச்சென்று தெரிந்தது, அதையே வைத்தேன்.

அப்பா ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் வானத்தைப் பார்த்தார். "அங்கேருந்து நம்ம ஊடு தெரியுதா ஜாஸ்லின்? அப்ப கொடில காயுற என் லுங்கியும் தெரியுமே!"

ஜூன் 17

ஊர் எழுந்துகொண்டிருக்கிறது.

மூன்று வருடப் படங்கள். ரயில் நிலையம், ஏரிக்கரை, மாதா கோயில் — எல்லாம் வருடத்துக்கு ஒன்பது மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. எல்லாம் ஒரே அளவு. பக்கத்து மேசை ஷாரன், "இன்னாடி, உங்க ஊரு பறக்கப் போவுதா?" என்றாள். சிரித்தேன். மாலை ரயிலிலிருந்து இறங்கும்போது நடைமேடையில் கால் வைக்கத் தயக்கமாக இருந்தது.

ஜூன் 18

சார் கேட்டார், "எந்தப் புள்ளிய நிக்குதுன்னு வச்ச?"

"ஒரு வீட்டுக் கூரை சார்."

"ஊரே ஒண்ணா ஏறுமாம்மா? ஊர் நிக்குது. அந்த வீடுதான் இறங்குது. யார் வீடு?"

"தெரியல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 22, ஞாயிறு

உள் அறையில் வெங்காயத்தைக் கொட்டினால் எல்லாம் மேற்குச் சுவரோரம் போய்ச் சேர்கிறது. அம்மா கூடையை அங்கேயே வைத்திருக்கிறாள். நானும் இத்தனை நாள் அங்கே போய்த்தானே பொறுக்கியிருக்கிறேன்? ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. வீடு எங்களைப் பழக்கி வைத்திருக்கிறது.

ஜூலை 3

புள்ளியை ரயில் நிலையத்துக்கு மாற்றினேன். ஊர் அசையாமல் நின்றது. எங்கள் கூரை மட்டும் சிவப்பு, இறங்குகிறது என்று. கடைசி நான்கு படங்களில் வேகம் கூடியிருக்கிறது.

"அது எங்க வீடு சார்" என்று அழுதுவிட்டேன். மாலையே தனக்குத் தெரிந்த இன்ஜினியரோடு சார் வீட்டுக்கு வந்தார். தரையைத் தட்டினார்கள். அடியில் வெற்றிடம்; யாரோ திருப்பித் தட்டுவதுபோலக் கேட்டது. உடனே காலி செய்யச் சொன்னார்கள்.

அப்பா சிரித்தார். "குட்டைய தூத்த மனைதான், இல்லங்கல. நானே மண்ணு கொட்டிக் கட்டுனது. ஒம்போது மில்லிமீட்டரா? என் நகம் அதவிட வேகமா வளரும் சார்."

ஜூலை 14

நானும் அம்மாவும் காட்டுப்பாக்கம் சித்தி வீட்டில். அப்பா வரவில்லை.

ஜூலை 21

புதுப் படத்தில் எங்கள் கூரையே இல்லை. அந்த இடத்தில் வெறும் புள்ளிக் குழப்பம். இரண்டு படங்களுக்கு நடுவே ஓர் இடம் மிகவும் மாறிவிட்டால் ரேடாருக்கு அதை அடையாளம் தெரியாது. அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார்.

"இங்கதான் கீறேன். மேற்கு செவுரு மட்டும் கொஞ்சம் ஒக்காந்துச்சு. சத்தமே இல்லம்மா."

ரயிலில் எழுதுகிறேன். ஆவடி தாண்டிவிட்டது. மில்லிமீட்டர் சொன்னேன், படம் காட்டினேன், சாரை அழைத்து வந்தேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. அப்பாவிடம் எதையும் நேராகக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வாசலில் நின்று வாய் வராமல் போனால் இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுவேன்.

அப்பா, எனக்காக வெளில வந்துடுப்பா.