பிராக் தொட்டில்

ஜனவரி 6, செவ்வாய்

பத்து மணிக்கும் மூடுபனி. ரிசார்ட் வரவேற்பறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை. சென்னைக் குடும்பம் ஒன்று, காட்டெருமை எங்கே பார்க்கலாம் என்று கேட்டது. எங்கள் எஸ்டேட்டுக்கு வாருங்கள் என்று வாய் வரை வந்தது. காப்பி பறித்துக்கொண்டிருந்த பாப்பாத்தி அக்காவை முட்டி இடுப்பை உடைத்த எருமை அங்கேதான் மேய்கிறது. வேலை நேரத்தில் நடக்கவில்லை, நஷ்டஈடு கிடையாது என்று எழுதிவிட்டார் மேனேஜர். உடன் பறித்த பதினோரு பெண்களும் கண்ணால் பார்த்தவர்கள்.

ஞாயிறன்று பதினோரு பேரும் மிளகுக் களத்தில் கூடி மனுவில் கையெழுத்து. எழுதிக் கொடுத்தது நான். மனு இப்போது ராசாத்தி அக்கா வீட்டு அரிசிப் பானைக்குள். பாப்பாத்தி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கைநாட்டு வைத்ததும் சேலம் தொழிலாளர் ஆபீசுக்கு.

நான் எழுதும் நாவலில் ஏழாம் அத்தியாயம் முடிந்தது. பிராக் நகரம், 1938. போர் வரப்போகிறது, எவன் உளவாளி என்று தெரியாது. பதினோரு தையல்காரிகள் ரகசியமாகக் கூடிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இங்கே நடந்ததேதான். நேராக எழுதத் தைரியம் இல்லை, வேறென்ன. அரிசிப் பானை மட்டும் அந்த ஊருக்குப் பொருந்தவில்லை. காகிதத்தைத் தொட்டிலில், குழந்தைக்கு அடியில் வைத்தேன்.

ரைட்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். எஸ்டேட் ஆபீசில் வருகை எழுதுபவர். இங்கே நாவல் படிக்கிற ஒரே ஆள்.

"உளவுக் கதைன்னா நொம்ப இஷ்டம் கண்ணு. ஒரே மூச்சுல படிச்சுப்போடறேன்."

ஜனவரி 8, வியாழன்

சாரல். வாங்க வேண்டியது: சோப்பு, அப்பாவுக்குத் தைலம், ரீஃபில்.

மதியம் ராசாத்தி அக்கா வீட்டில் மேனேஜரின் ஆட்கள் இரண்டு பேர். மனு இருப்பது தெரிந்தே வந்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை. எஸ்டேட் வீட்டைத் திங்கள் மாலைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு எங்கே போவார்.

யார் சொன்னது?

குழாயடியில் எல்லார் கண்ணும் மாரியம்மா அக்கா மேல். மேனேஜருக்கு ஜீப் ஓட்டுவது அவர் மகன்.

"ஏனுங்க மாரியம்மா, தண்ணி தூக்க ஜீப்பு வரலீங்களா?"

ஒருத்தரும் குடத்தை நகர்த்தி இடம் விடவில்லை. நானும்தான்.

ஜனவரி 9, வெள்ளி

பாப்பாத்தி அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கைநாட்டு ஆயிற்று.

ராசாத்தி அக்காவிடம் கேட்டேன், எங்கெல்லாம் தேடினார்கள் என்று.

"அடுப்புப் பக்கமே போகல கண்ணு. நேரா வந்து, தூளியில தூங்குன புள்ளைய எடுத்து எங்கையில குடுத்துப்போட்டு, துணிய உதறுனானுங்க. அவ்வளவுதான், போயிட்டானுங்க. அதென்ன, தூளிய மட்டும்?"

பதினோரு பேரில் கைக்குழந்தை இருப்பது இவர் வீட்டில் மட்டும்தான். இங்கே எந்தத் தூளியிலும் காகிதம் இல்லை. பிராக்கில்தான் இருந்தது.

சாயங்காலம் ரைட்டர் நோட்டைத் திருப்பித் தந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கதை நல்லாருக்குது. மேனேஜருங்கூடப் படிச்சாரு."

தொட்டில் வரிக்கு அடியில் சிவப்பு மை. ரைட்டர் தனக்குச் சம்பளம் கொடுப்பவனுக்கு வேலை செய்தான். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்த முட்டாள் நான்.

ஜனவரி 10, சனி

வெயில். குழாயடியில் எல்லார் முன்னாலும் நோட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. மாரியம்மா அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"காயிதம் தப்பிச்சுது. ஊடு தப்பல" என்றார் ராசாத்தி அக்கா.

வீட்டு விஷயத்தையும் மனுவில் சேர்த்து, திங்களன்று நானே சேலம் கொண்டுபோகிறேன் என்றேன்.

"பேசிச் சொல்றோம்" என்றார்கள்.

நான் இல்லாத இடத்தில் பேசினார்கள்.

ஜனவரி 12, திங்கள்

நாகலூரிலிருந்து முதல் பஸ். குளிர். சன்னல் மூடவில்லை. பக்கத்தில் மாரியம்மா அக்கா, மனு அவர் இடுப்பில். பிழை பார்க்கக் கேட்டேன். தரவில்லை.

"ஆபீசுல பேசறதுக்கு உன்னையக் கூட்டிட்டுப் போறோம் சாமி. காயிதம் எங்கிட்டயே இருக்கட்டும்."

ஏற்காட்டில் பஸ் மாறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எழுத்து கோணுகிறது. எட்டிப் பார்க்கிறார்.

"என்ன எழுதற?"

"டைரிங்க."

"எம்பேரு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அதைய அடிச்சுப்போடு."

பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.