மாமாவுக்கு எடுத்த வேட்டி

மே 2
காலையில் பந்தக்கால் ஊன்றினோம். சிங்கப்பூரில், ஈசூன் ஃபிளாட்டில் மண்ணுக்கு எங்கே போவது? வாசல் பூந்தொட்டிதான். கல்யாணப் பெண்ணான மகள் ரக்ஷனாவுக்கு ஒரே சிரிப்பு.

அம்மா லிட்டில் இந்தியாவுக்குப் போய்த் தன் அண்ணனுக்குப் பட்டு வேட்டி வாங்கி வந்தாள். மருதப்பன் மாமா. அறுபதுகளில் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில் மலேசியாவின் ஜொகூர் காட்டுக்கு ரோந்து போய்க் காணாமல் போன சிப்பாய். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் காதுகுத்திலிருந்து எல்லா விசேஷத்துக்கும் சீர்த்தட்டில் அவருக்கு ஒரு வேட்டி உண்டு. "வந்தா எதைக் கட்டிக்கிட்டு நிப்பான்?" என்பாள். கடைசியில் அது யாருக்காவது போகும்.

மே 5
இராணுவத்திலிருந்து இல்ஹாம் என்ற அதிகாரி பேசினார். காட்டில் கிடைத்த எலும்புகள் மாமாவுடையவைதானாம். போன வருஷம் அம்மாவிடம் எடுத்த எச்சில் மாதிரியோடு பொருந்திவிட்டதாம். அடுத்த வாரமே மரியாதையோடு கொண்டுவரலாமா என்றார்.

பந்தக்கால் ஊன்றிய வீட்டில் சாவுக் காரியமா? சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்? கல்யாணம் முடியட்டும், அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றேன். "பரவாயில்லை மேடம், இவ்வளவு வருஷம் காத்திருந்தவர்தானே" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது.

மே 9
"பட்டாளத்துக்காரங்க ஏதும் பேசினாங்களா?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன்.

மே 18
கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டபத்தைக் காலி செய்யும்போது வேட்டி மடிப்புக் கலையாமல் தட்டிலேயே இருந்தது. வழக்கப்படி நாதஸ்வரக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது — மாமா இந்தத் தடவை வராமல் இல்லையே? வந்தவரை நான்தானே வெளியே நிறுத்திவைத்தேன்? சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்.

மே 20
சொல்லிவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, "எப்ப சொன்னாங்க?" என்றாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

கையை விட்டுவிட்டாள். ஒன்றுதான் கேட்டாள். "அந்த வேட்டி எங்க?"

மே 24
எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கொடி போர்த்திய சின்னப் பெட்டி. சம்பந்தி சேதுபதிதான் முதலில் வந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தேதியையே மாத்தியிருப்போமே லா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அம்மா காலையில் தனியாகவே பஸ் ஏறிப் போய் வேறு வேட்டி வாங்கி வந்திருந்தாள். பையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. வேட்டியைப் பெட்டிமேல் வைத்து, "கட்டிக்கண்ணே" என்றாள். பிறகு ஒவ்வொருவராக அவருக்குக் காட்டினாள். "இது ரக்ஷனா, உன் பேத்தி. இது மாப்பிள்ளை. இவரு சம்பந்தி."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னைச் சொல்லவில்லை.