நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று

ஏப்ரல் 19, சனிக்கிழமை

அன்புள்ள ஐலி,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள். இங்கே மரங்கள் பூத்துவிட்டன. அங்கே நீ இன்னும் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பாய்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ கேலி செய்வாய், நான் சிரித்துவிடுவேன். சொல்ல வந்தது அதோடு போய்விடும்.

மே ஒன்றாம் தேதிக்குள் நீ பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு கல்லூரிகள் உன்னை அழைத்திருக்கின்றன. ஒன்று நான் படிக்கும் இது. மற்றது வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் இருக்கும் ஏரிக்கரைக் கல்லூரி. இங்கேயே வந்துவிடுவதாகச் சென்ற வாரம் சொன்னாய். "நாலு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டா அப்புறம் மருத்துவக் கல்லூரி. நீ பக்கத்துல இருந்தா காலையில எழுப்பியாவது விடுவே" என்றாய். பின்னாலிருந்து அம்மா, "ஒரே வீட்ல ரெண்டு டாக்டர்னு மளிகைக்கடையில சொல்லியாச்சு, மானத்தை வாங்கிடாதீங்க" என்று கத்தியதும் கேட்டது.

வராதே.

அதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இனி காரணங்கள்.

உன் நுழைவுத் தேர்வு மதிப்பெண் வந்த கதையை அம்மா எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. பள்ளியில் உன் நான்கு வருடச் சராசரியோ நான்குக்கு இரண்டே முக்கால். உங்கள் ஆலோசகர் காங்காஸ் சார் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேற யாரோட தாளோ மாறி வந்திருக்கும் போலிருக்கே" என்றாராம். நீ கோபப்படவில்லை. "இன்னொரு தடவை எழுதறேன் சார். இந்தத் தடவை நீங்க பக்கத்துலயே உக்காந்துக்குங்க" என்றாயாம். எழுதினாய். ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. "இருபது கூடியிருக்கே" என்று அவர் வியந்தபோது, "நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல சார்" என்றாயாம்.

உனக்குப் பாடம் தெரியாமல் மதிப்பெண் குறையவில்லை. எழுதியதை நீ ஒப்படைப்பதில்லை, அதனால் குறைந்தது. ஒப்படைக்காத ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜ்யம். கேட்டதற்கு, "தெரிஞ்சதையே இருபது தடவை எழுதிக் காட்டறதுக்கு நான் என்ன கிளியா" என்றாய். அது பாதிக் காரணம். மீதியை நீ யாரிடமும் சொல்வதில்லை. பள்ளி விட்டதும் முதியோர் இல்லத்தில் வேலை. வாரத்தில் ஐந்து நாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் உன்னை அழைத்துவர அங்கே வந்திருந்தேன். கதவருகில் நின்று பார்த்தேன். உனக்குத் தெரியாது. மிசஸ் லெப்பானனுக்கு நீ சூப் கொடுத்துக்கொண்டிருந்தாய். கெஞ்சவில்லை. மிரட்டவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து நீயும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். காத்திருப்பது போலவே இல்லை. அரைக் கிண்ணத்துக்கு ஐம்பது நிமிடம். இங்கே மூன்று வருடமாக நான் உடலைப் பற்றிப் படித்திருக்கிறேன். அதை யாரும் சொல்லித் தரவில்லை.

இனி கல்லூரி.

இங்கே புதியவர்களுக்குச் சுற்றிக் காட்டும்போது ஒரு வாக்கியம் சொல்வார்கள். நானும் இரண்டு வருடம் அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே சொல்லியிருக்கிறேன். "இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது." அம்மா அதை மனப்பாடமாகச் சொல்வாள்.

உண்மைதான். ஆனால் யார் விண்ணப்பிக்கலாம் என்பதை ஒரு குழு முடிவு செய்கிறது. பேராசிரியர்கள் குழு. அவர்கள் பரிந்துரைக் கடிதம் தராவிட்டால் விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை. ஜெயிப்பார்கள் என்று தோன்றுகிறவர்களுக்குத்தான் கடிதம். முதல் வருட வேதியியல் வகுப்பில் நாங்கள் முந்நூற்றுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். குழுவின் வாசல் வரை வந்தவர்கள் எழுபது பேர். கடிதம் வாங்கியவர்கள் நாற்பத்து நான்கு. அந்த நாற்பத்து நான்கில்தான் தொண்ணூற்று மூன்று சதவீதம்.

வேதியியலில் ஒருவர் மதிப்பெண்ணை இன்னொருவரோடு ஒப்பிட்டுத்தான் தருவார்கள். முதல் தரம் இத்தனை பேருக்கு, கடைசித் தரம் இத்தனை பேருக்கு என்று முன்பே தீர்மானம். நீ இந்த இடத்துக்கு வருவது உன் ஆயிரத்து ஐந்நூற்று அறுபதால். இங்கே எல்லோரும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் தாள்களை ஒப்படைக்கவும் செய்கிறார்கள்.

மார்ச் விடுமுறையில் நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேனே, ஏரிக்கரைக் கல்லூரிக்குத்தான் போனேன். அறிவியல் துறை அலுவலகத்தில் ஒரு பெண் மேஜையிலேயே இறைச்சி அடைத்த பேஸ்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருத்துவத்துக்குப் போக நினைத்துச் சேர்கிறவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று கேட்டேன். "ஆரம்பிச்சவங்க கணக்கா, விண்ணப்பிச்சவங்க கணக்கா?" என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

போன வருடம் படிப்பை முடித்தவர்களில் நாற்பத்தொரு பேர் அப்படி ஆரம்பித்தவர்கள். விண்ணப்பித்தவர்கள் பதினாறு. கிடைத்தது ஒன்பது பேருக்கு. "பெருமையா சொல்லிக்கிற கணக்கு இல்ல" என்றார். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்றேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்து பேர் நர்ஸ். ஒருத்தி பல் மருத்துவம். இரண்டு பேர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவன் அப்பாவின் மரக்கட்டை லாரி ஓட்டுகிறான், சந்தோஷமாக இருக்கிறான். இருபதைத் தாண்டியும் எண்ணினார். ஒரு பெயரில் நின்றார். "இவன் எங்க இருக்கான்னு தெரியல. அவங்கம்மா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரும், கேட்டுச் சொல்றேன். உன் நம்பரைக் கொடுத்துட்டுப் போ." கொடுத்தேன். திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார். டுலூத்தில் மருந்துக் கடையில் இருக்கிறானாம்.

தாள் ஒப்படைக்காதவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வாத்தியார் கூப்பிட்டுப் பார்ப்பார். வரலன்னா நான் வீட்டுக்குக் கூப்பிடுவேன். யாரு, உன் தங்கச்சியா?" என்றார். முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.

ஐலி, அறிவு போதும் என்று நீ நினைக்கிறாய். இதை மட்டும் உன்னிடம் மெச்ச மாட்டேன். மருத்துவக் கல்லூரி உன் பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்காது. அடுத்த நான்கு வருடத்தை முழுதாகப் பார்க்கும். ஒரு தாள் வராவிட்டால் உன்னைத் தேடுகிற ஆள் இருக்கும் இடத்துக்குப் போ. இங்கே பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பார்கள்.

இன்னும் ஒன்று.

உன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. மதிப்பெண் குறைவுக்குக் காரணம் ஏதும் இருந்தால் எழுதலாம் என்று. அப்பா இறந்ததை இரண்டு வரி எழுதச் சொல்லி காங்காஸ் சார் கெஞ்சியிருக்கிறார். "அப்பா செத்ததுக்கும் நான் வீட்டுப்பாடம் எழுதாததுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று அதை வெறுமையாக அனுப்பிவிட்டாய். கேள்விப்பட்ட அன்று வகுப்புக்குப் போக முடியவில்லை. நூலகப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கல்லூரிக்கு நான் அனுப்பிய விண்ணப்பக் கட்டுரை மூன்று வருடமாக நம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் உன் கண்ணில் பட்டிருக்கும். 'அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில்தான் மருத்துவனாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.'

நான் மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் இருந்தேன். வண்டிக்குள். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு. அப்பாவின் அறையில் இருந்தது நீ. பதின்மூன்று வயது. கோட்டுகூடப் போடாமல் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாய். "முடிஞ்சுது. மேல வா. அம்மாவுக்கு ஆள் வேணும்" என்றாய்.

உன் கையை எடுத்து என் கட்டுரையில் வைத்தேன். அதற்குத்தான் இந்தக் கல்லூரி கிடைத்தது. நீ காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா அதை விருந்தாளிகளுக்குப் படித்துக் காட்டும்போது எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாய்.

பிப்ரவரியில் குழு என்னை அழைத்தது. நல்லவர்கள். கட்டுரையைப் படித்திருந்தார்கள். ஒரு பேராசிரியை மென்மையாகக் கேட்டார்: "அந்த நேரத்துல உங்கப்பா ஏதாவது சொன்னாரா?" எனக்குத் தெரியாது. எதுவும் சொல்லவில்லை என்றேன். அது இரண்டாவது பொய்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. எனக்குக் கடிதம் இல்லை. பொய் அவர்களுக்குத் தெரியாது. கரிம வேதியியலில் என் மதிப்பெண்தான் காரணம். சரியான காரணம்தான். என்னைத் தேர்ந்தெடுத்திருந்தால்தான் தவறு.

ஆக, கடிதம் கிடைக்காத இருபத்தாறு பேரில் நான் ஒருவன். சுற்றிக் காட்டும்போது நான் சொன்ன எண்ணில் நான் இல்லை. அடுத்து என்ன என்று தெரியவில்லை. பயமில்லை என்று எழுதி அடித்துவிட்டேன், மேலே தெரியும். கொஞ்சம் பயம்.

நீ இங்கே வந்தால் எனக்கு நன்றாக இருக்கும். ஒவ்வொரு நாளும் உன்னோடு சாப்பிடலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இந்தக் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இப்போதும் வேலைக்குப் போகிறாள் என்று நினைக்கிறேன். ஒரு உதவி செய். அவள் வேலை முடிந்து வந்து, காப்பி குடித்து, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. எந்த வரியையும் விடாதே. நடுவில் அழுதால் நிறுத்தி, பிறகு தொடர்ந்து படி. நானே சொல்லலாம். ஆனால் நான் சொன்னால் அழகாகச் சொல்லிவிடுவேன், அவள் என்னை மன்னித்துவிடுவாள். நீ படித்தால் நடந்தது மட்டும் அவளுக்குக் கேட்கும்.

உன் அண்ணன்,
ஆர்வோ